ஒரே கடையா, எல்லாக் கடையுமா, சொந்தக் கடையா? மின்னூல் எழுத்தாளருக்கு ஒரு கணக்கு

மின்னூல் உலகில் 70 சதவீதம் என்ற எண் நிலைபெற்றது 2010இல். ஆப்பிள் தன் புத்தகக் கடையைத் திறந்ததும், அதுவரை 35 சதவீதம் கொடுத்துவந்த அமேசான் 70 சதவீத ராயல்டி என்று இன்னொரு வழியைத் தந்ததும் அந்த ஆண்டில்தான். பிறகு 2012இல் எழுத்தாளர்களுக்கு நேரடியாகக் கதவு திறந்த கோபோ என்ற மின்னூல் கடையும், கூகுள் ப்ளே புக்ஸும் ஏறத்தாழ அதே எண்ணைத்தான் சொல்கின்றன. ஆகவே தன் நூலைத் தானே வெளியிட நினைப்பவர் ‘எங்கே ராயல்டி அதிகம்?’ என்று விசாரித்துக்கொண்டு போனால் எல்லா வாசலிலும் ஒரே பதில்தான் கிடைக்கும். தேர்ந்தெடுக்க அது உதவாது.

நான் பார்ப்பது வேறு கணக்கு. இந்த இடத்தை விட்டு நாளைக்கு வெளியேறினால் கையில் என்ன மிஞ்சும்? ஒரு நூல் பத்து, இருபது ஆண்டுகள் விற்கக்கூடியது. கடைகளின் விதிகளுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. உள்ளே போவது எல்லா இடத்திலும் எளிது, ஒரு கோப்பும் ஓர் அட்டைப்படமும் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும். வெளியே வருவதில்தான் ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு விதமாகக் காசு கேட்கிறது. எந்த வழி யாருக்கு என்று இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். அதற்கு முன் 70 சதவீதம் என்பது கைக்கு வரும்போது எவ்வளவாகிறது என்று ஒருமுறை எழுதிப் பார்த்துவிடுவோம்.

எழுபது எப்போது எழுபது

நூலின் விலை 4.99 டாலர், கோப்பின் அளவு 3 எம்பி என்று வைத்துக்கொள்வோம். அமேசானின் அமெரிக்கக் கடையில் 70 சதவீத வழியைத் தேர்ந்தால் ஒரு எம்பிக்கு 15 சென்ட் வீதம் டெலிவரிச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் 70 சதவீதம் தருவார்கள். 45 சென்ட் போக 4.54. எழுத்தாளருக்கு 3.18 டாலர். கோபோவிலும் ஆப்பிளிலும் இந்தப் பிடித்தம் கிடையாது, 3.49 வரும். அதே கோபோவுக்கு நூலைப் பல கடைகளுக்கு அனுப்பித் தரும் டிராஃப்ட்2டிஜிட்டல் போன்ற விநியோகஸ்தர் வழியாகப் போனால், அவர் நூல் விலையில் ஏறத்தாழ 10 சதவீதம் எடுத்துக்கொள்வார். கைக்கு வருவது 2.99.

இப்போது அதே நூலில் படங்களைச் சேர்ப்போம். சமையல் நூல், பயண நூல், குழந்தைகள் கதை என்றால் கோப்பு 20 எம்பியைச் சுலபமாகத் தொட்டுவிடும். அமேசானில் டெலிவரிச் செலவே 3 டாலர். மீதி 1.99இல் 70 சதவீதம் என்றால் 1.39. ஆனால் 35 சதவீத வழியில் டெலிவரிச் செலவு இல்லை, அங்கே 1.75 கிடைக்கும். அதாவது 35 சதவீதம் 70 சதவீதத்தை முந்துகிறது! இந்த விலைக்கு எல்லைக்கோடு 16.6 எம்பி அளவில் விழுகிறது. அதைத் தாண்டினால் பெரிய எண்ணைத் தேர்ந்தவர்தான் குறைவாக வாங்குகிறார். படங்களைச் சுருக்கிக் கோப்பை இளைக்க வைப்பது தொழில்நுட்ப வேலை போலத் தெரியும், உண்மையில் அது வருமான வேலை.

இன்னொரு நிபந்தனை, அமேசானின் 70 சதவீதம் 2.99 முதல் 9.99 டாலர் வரையிலான விலைக்குத்தான். 0.99க்கு விற்றால் 35 சென்ட். அதே விலைக்குக் கோபோ 45 சதவீதமும், ஆப்பிள் எந்த விலையானாலும் 70 சதவீதமும் தருகின்றன. 9.99க்கு மேலே போனாலும் அமேசானில் 35க்கு இறங்கிவிடும், கோபோவில் இறங்காது. விலை அதிகம் வைக்க வேண்டிய பாடநூல், துறைசார் கையேடு எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியைக் கவனித்தாலே பாதி முடிவு எடுத்த மாதிரி.

ஒரே கடை

அமேசானில் மின்னூல் வெளியிடுவது வேறு, கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்வது வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சும்மா வெளியிட்டால் எந்தக் கட்டுப்பாடும் இல்லை, மற்ற கடைகளிலும் விற்கலாம். செலக்டில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த நூலின் மின்வடிவம் அமேசானைத் தவிர வேறு எங்கும் கிடைக்கக் கூடாது. சொந்த இணையதளத்தில் இலவசமாகக்கூடத் தரக் கூடாது. பத்து சதவீதம் வரை மாதிரியாகக் காட்டலாம். அச்சு நூலுக்கு இந்தத் தடை இல்லை.

இதற்குப் பதிலாகக் கிடைப்பது கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள். மாதச் சந்தா கட்டிப் படிப்பவர்கள் இவர்கள். 2015 ஜூலை முதல் எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று பார்த்துத்தான் எழுத்தாளருக்குப் பணம். பக்கத்துக்கு இவ்வளவு என்ற விகிதம் மாதாமாதம் மாறும், பொதுவாக அரை சென்ட்டுக்குக் கீழே. 0.4 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 300 பக்க நாவலை ஒருவர் கடைசிவரை படித்தால் 1.20 டாலர். அதே நாவலை 4.99க்கு வாங்கியிருந்தால் 3.18 வந்திருக்கும் என்பதால் நஷ்டம் போலத் தோன்றும். ஆனால் 0.99க்கு விற்கும் நாவல் என்றால் விற்பனையில் 35 சென்ட், சந்தாதாரர் எடுத்துப் படிக்கும் இரவலில் 1.20. நீளமான, மலிவு விலையில் வரும், ஒன்றை முடித்ததும் அடுத்த பாகத்தைத் தேட வைக்கும் தொடர் நாவல்களுக்கு இந்தத் திட்டம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். காதல் கதை, துப்பறியும் கதை, மாயாஜாலக் கதை எழுதுகிறவர்கள் இங்கே கூடுவது அதனால்தான். அறுபது பக்கக் கவிதைத் தொகுப்புக்கு 24 சென்ட்தான் வரும். கவிஞர்கள் இங்கே வந்து உட்காருவதில் பொருளில்லை.

பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஒவ்வொரு இரவலும் விற்பனைத் தரவரிசையில் கணக்காகிறது. பெயர் தெரியாத எழுத்தாளரின் நூல் யார் கண்ணிலாவது பட வேண்டுமென்றால் அந்தத் தரவரிசைதான் ஏணி. சந்தா வாசகருக்குப் புதிய ஆளைத் தொட்டுப் பார்ப்பதில் இழப்பதற்கு எதுவுமில்லை, பிடிக்காவிட்டால் மூடிவிட்டு அடுத்ததை எடுப்பார்.

பிரேசில், ஜப்பான், மெக்சிகோ, இந்தியா ஆகிய நான்கு நாட்டு வாடிக்கையாளர்களுக்கு விற்கும்போது 70 சதவீதம் வேண்டுமென்றால் செலக்டில் சேர்ந்தே ஆக வேண்டும். சேராவிட்டால் 35. உங்கள் வாசகர்களில் பெரும்பகுதி இந்த நாடுகளில் இருந்தால் ‘சும்மா வெளியிடுவது’ என்பதே பாதி ராயல்டிக்கு ஒப்புக்கொள்வதுதான். தமிழில் எழுதுகிறவர்களில் பலருக்கு இது பொருந்தும். மேலே போட்ட 3.18 கணக்கையெல்லாம் அவர்கள் இந்த விதியைச் சேர்த்து மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, வெளியே வரும்போது? விமர்சனங்கள் அந்தப் பக்கத்திலேயே இருக்கும், போகாது. போவது தரவரிசை. இரவல்கள் நின்றதும் ஏணியில் சில படிகள் இறங்குவீர்கள். சந்தா வாசகர்கள் உங்களைத் தேடி மற்ற கடைகளுக்கு வரமாட்டார்கள், அவர்கள் வாங்கும் பழக்கமுள்ளவர்கள் அல்லர். இரண்டு ஆண்டுகள் அமேசானில் நன்றாக விற்ற பெயர் கோபோவில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆனாலும் 90 நாள் என்பது நீண்ட சிறை கிடையாது. எல்லா வழிகளிலும் கதவின் தேதி முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்கும் வழி இதுதான், அந்த வகையில் இதைத் திட்டுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. என் மனக்குறை வேறு. உங்கள் நூலை யாரோ திருடி எங்கோ ஏற்றியிருந்தாலும் ‘வேறு இடத்தில் கிடைக்கிறதே’ என்ற அமேசானின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

எல்லாக் கடையும்

கோபோ, ஆப்பிள், கூகுள், அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிள், ஜெர்மனியின் டோலினோ, நூலகங்களுக்கு மின்னூல் தரும் ஓவர்டிரைவ் என்று எங்கெல்லாம் வாசகர் இருக்கிறாரோ அங்கெல்லாம் நூலை வைப்பது இந்த வழி. இதிலேயே இரண்டு கிளைகள். ஒவ்வொரு கடையிலும் தனித்தனியாகக் கணக்குத் தொடங்கி நேரடியாக ஏற்றுவது ஒன்று. ஒரு விநியோகஸ்தரிடம் கொடுத்து அவர் எல்லாக் கடைக்கும் அனுப்புவது இன்னொன்று.

விநியோகஸ்தர் என்ற தொழில் பெரிதாக வளர்ந்தது 2008இல் மார்க் கோக்கர் தொடங்கிய ஸ்மாஷ்வேர்ட்ஸ் காலத்தில். டிராஃப்ட்2டிஜிட்டல் 2012இல் வந்தது, 2022இல் ஸ்மாஷ்வேர்ட்ஸையே வாங்கிவிட்டது. விற்பனையில் சதவீதம் எடுப்பது இவர்கள் முறை. ஹங்கேரியில் தொடங்கிய பப்ளிஷ்டிரைவ் மாதிரியானவர்கள் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு ராயல்டியைத் தொடுவதில்லை. எது லாபம் என்பது எளிய கணக்கு. மாத விற்பனையில் பத்து சதவீதம் அந்த மாதக் கட்டணத்தைத் தாண்டுகிறதா? முதல் நூல் போடுகிற யாருக்கும் தாண்டாது. விற்காத மாதத்திலும் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு புதியவருக்கு வேண்டாம்.

நேரடியாகப் போவதில் ஆதாயம் விநியோகஸ்தருக்குப் போகும் 50 சென்ட் மட்டுமில்லை. கோபோவில் நேரடிக் கணக்கு வைத்திருப்பவர் கேட்டுப் பெற்றால் தள்ளுபடி விழாக்களுக்கு விண்ணப்பிக்கும் பகுதி திறக்கும். அந்தக் கடையில் புதியவர் கண்ணில் படுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. கோபோ ப்ளஸ் என்ற சந்தாத் திட்டமும் உண்டு, அதில் படித்த நிமிடங்களை வைத்துப் பணம். முக்கியமாக, அதற்காக மற்ற கடைகளை விட வேண்டியதில்லை. ‘எங்களிடம் மட்டுமே விற்க வேண்டும்’ என்று கேட்காமலும் சந்தாத் திட்டம் நடத்த முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

தொடர் எழுதுகிறவர்களுக்கு இந்த வழியில் ஒரு பழைய உத்தி உண்டு. முதல் பாகத்தை நிரந்தரமாக இலவசமாக வைப்பது. கோபோவும் ஆப்பிளும் கூகுளும் பூஜ்ய விலையை ஏற்கும். அமேசான் ஏற்காது, குறைந்தபட்ச விலை வைத்தே ஆக வேண்டும். ஆனால் மற்ற கடைகளில் இலவசம் என்று சுட்டிக்காட்டிக் கேட்டால் பெரும்பாலும் அதே விலைக்குக் கொண்டுவந்துவிடும். அது அவர்கள் விருப்பம், நமக்கு உரிமை இல்லை. செலக்டில் இருந்தால் 90 நாளில் ஐந்து நாள் மட்டுமே இலவசம்.

இந்த வழியின் பெரிய குறை காலம். ஒவ்வொரு கடையிலும் விமர்சனம் தனி, பரிந்துரை தனி, வாசகர் கூட்டம் தனி. முதல் ஆறு மாதத்தில் கோபோ டாஷ்போர்டைத் திறந்து பார்ப்பது மனதைத் தளர்த்தும் வேலை. அதைப் பார்த்துப் பயந்து மறுபடி செலக்டுக்கு ஓடுவதும், அங்கே திருப்தியில்லாமல் மறுபடி வெளியே வருவதும்தான் எல்லாவற்றிலும் மோசமான தேர்வு. நூலை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மற்ற கடைகளில் சேர்ந்திருந்த கொஞ்சநஞ்சம் கரைந்துபோகும். எல்லாக் கடைக்கும் போவதென்றால் ஓராண்டாவது அங்கேயே இருப்பது என்று முடிவுசெய்துவிட்டுப் போக வேண்டும்.

வெளியேறும் செலவு இங்கே எதிர்பாராத மூலையில் ஒளிந்திருக்கிறது, ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணில். விநியோகஸ்தர்கள் இலவசமாக ஓர் எண் தருவார்கள். அது அவர்கள் பெயரில் பதிவான எண். நாளைக்கு அவரை விட்டுவிட்டு ஆப்பிளுக்கு நேரடியாகப் போகும்போது அந்த எண்ணைக் கொண்டுபோக முடியாது. புதிய எண், புதிய பக்கம், பழைய பக்கத்தில் இருந்த நட்சத்திரங்கள் கூட வருமா என்பது அந்தக் கடையின் தயவு. சொந்த எண் வாங்குவது சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் காசு. இலவசமாகக் கிடைக்கும் நாட்டில் இருந்துகொண்டு விநியோகஸ்தரின் எண்ணை வாங்குவது சோம்பேறித்தனம். அமேசானில் மட்டும் போடுவதென்றால் எண் தேவையே இல்லை, அவர்கள் தங்கள் அடையாள எண்ணைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள்.

சொந்தக் கடை

சொந்த இணையதளத்தில் விற்பதுதான் ஆகச் சிறந்தது என்று சொல்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். எண்களைப் பார்த்தால் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. நேரடி விற்பனைக்கு உதவும் பேஹிப் தளத்தின் இலவசத் திட்டத்தில் விற்பனையில் 5 சதவீதம் எடுப்பார்கள், கூடவே அட்டைப் பரிவர்த்தனைக் கட்டணம். 4.99 டாலர் நூலுக்கு நான்கு டாலருக்கு மேல் கையில் நிற்கும். அதே போன்ற இன்னொரு தளமான கம்ரோட் 10 சதவீதமும் ஒவ்வொரு விற்பனைக்கும் 50 சென்ட்டும் எடுக்கிறது. இந்த 50 சென்ட்டைக் கவனியுங்கள். பத்து டாலர் நூலில் அது தூசு, ஒரு டாலர் நூலில் பாதி விலை. பரிவர்த்தனைக் கட்டணத்திலும் இப்படி ஒரு நிலையான தொகை இருப்பது வழக்கம். ஆகவே நேரடியாக விற்கிறவர் மலிவு நூல்களைத் தனித்தனியாக விற்காமல் நாலைந்தைச் சேர்த்துத் தொகுப்பாக விற்பதுதான் புத்தி.

வரி என்ற பூதம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. 2015 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்பொருள்களுக்கு மதிப்புக் கூட்டு வரி வாங்குபவரின் நாட்டு விகிதப்படி. எழுத்தாளர் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும் பிரான்ஸ் வாசகரிடம் பிரான்ஸ் விகிதம், ஜெர்மனி வாசகரிடம் ஜெர்மனி விகிதம் வசூலித்துக் கட்ட வேண்டும். அமேசானும் கோபோவும் இதைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன, அவர்கள் பிடிக்கும் 30 சதவீதத்தில் ஒரு பகுதி இந்தத் தலைவலிக்கான கூலி என்று நினைத்துக்கொள்ளலாம். சொந்தக் கடையில் இதை யார் செய்வது என்று முதலில் கேட்க வேண்டும். பேஹிப் ஐரோப்பிய வரியைத் தானே கையாள்கிறது. கம்ரோட் 2025 தொடக்கத்திலிருந்து சட்டப்படி தானே விற்பனையாளராக நின்று வரியைக் கட்டுகிறது. வெறும் பணம் வசூலிக்கும் பொத்தானை மட்டும் தளத்தில் ஒட்டிக்கொண்டால் பொறுப்பு முழுவதும் நம் தலையில்.

அப்புறம் வாசகர் உதவி. கடையில் வாங்கினால் நூல் தானாகவே அவர் கருவியில் போய் உட்காரும். நம்மிடம் வாங்கினால் ‘டவுன்லோட் ஆயிடுச்சுங்க, ஆனா ஃபைல் எங்க போச்சுன்னே தெரியல’ என்று இரவு பதினொரு மணிக்கு மின்னஞ்சல் வரும். கிண்டில் வைத்திருப்பவருக்கு ‘சென்ட் டு கிண்டில்’ வசதியில் இபப் (epub) என்ற மின்னூல் வடிவக் கோப்பை அனுப்பலாம் என்பதை விளக்க வேண்டும், 2022 முதல் அது இபப்பை ஏற்கிறது. கோபோ கருவிக்கு வேறு விளக்கம், கைபேசிக்கு வேறு. புக்ஃபனல் போன்ற சேவைகள் முக்கியமாக இந்த வேலையைச் செய்தே கட்டணம் வாங்கிப் பிழைக்கின்றன என்றால் பிரச்சினையின் அளவு புரியும்.

இத்தனைக்கும் பிறகு நான் இந்த வழியை மதிப்பது ஒரே காரணத்துக்காக. எந்தக் கடையும் உங்கள் நூலை வாங்கியவர் யார் என்று உங்களுக்குச் சொல்லாது. சொந்தக் கடை சொல்லும். அவர் சம்மதத்தோடு வாங்கி வைத்த மின்னஞ்சல் முகவரி கம்ரோட்டை விட்டுப் போனாலும், இணையதளத்தையே மாற்றினாலும் உங்களோடு வரும். வெளியேறும் செலவு ஏறத்தாழ இல்லாத ஒரே வழி இது. குறை என்னவென்றால், இந்தக் கடைக்கு வெளியாட்கள் தாமாக வரமாட்டார்கள். அமேசானில் தேடுபெட்டியில் ஏதோ தட்டியவருக்கு உங்கள் நூல் எதிர்ப்படலாம். உங்கள் தளத்தில் அப்படித் தற்செயலாக எதுவும் நடக்காது. ஏற்கெனவே உங்களைப் படிக்கிறவர்கள் இருந்தால் இது தங்கச் சுரங்கம், இல்லாவிட்டால் ஆளில்லாத கடை.

ஓர் எச்சரிக்கை. சொந்தக் கடையில் அமேசானைவிட விலையைக் குறைத்து வைத்தால், அமேசான் அதைக் கண்டு தன் விலையையும் இறக்கலாம். இறக்கிய விலைக்குத்தான் ராயல்டி. அதனால் விலையை ஒன்றாகவே வைத்துவிட்டு, சொந்தக் கடையில் கூடுதல் அத்தியாயம் ஒன்றைச் சேர்த்துத் தருகிறவர்கள் கெட்டிக்காரர்கள்.

இன்னும் இரண்டு கதவுகள்

யாரும் பகிரலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூலை இலவசமாக விடுவது ஒன்று. படிக்கப்பட வேண்டும், காசு முக்கியமில்லை என்றால் இதைவிட அகலமான வழி கிடையாது. ஆனால் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. நாளை மனம் மாறி விற்பனைக்கு வைத்தாலும் ஏற்கெனவே வெளியே போன பிரதிகள் சட்டப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். செலக்ட் திட்டத்துக்கும் அந்த நூல் இனி தகுதி பெறாது. எல்லா நூலையும் விட வேண்டாம், ஒரு பழைய நூலை விட்டுப் பாருங்கள் என்பேன்.

மற்றொன்று, காசு வாங்கிக்கொண்டு ‘எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று வரும் நிறுவனங்கள். திருத்தம், அட்டை, வடிவமைப்பு என்று வேலைக்குக் கூலி வாங்குவதில் தப்பில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். மின்னூல் உரிமை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு? கடைக் கணக்கு யார் பெயரில்? விலகும்போது முடிந்த இபப் கோப்பும் அட்டையின் மூலக்கோப்பும் உங்களுக்குத் தரப்படுமா? கணக்கு அவர்கள் பெயரில் என்றால் விற்பனை எண்ணிக்கையே அவர்கள் சொல்வதுதான். காசும் கொடுத்து உரிமையையும் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

எந்த வழியானாலும் கையில் இருக்க வேண்டிய கோப்பு

அமேசான் பழைய மொபி வடிவத்தைப் படிப்படியாக நிறுத்திவிட்டது. எல்லாக் கடைக்கும் பொதுவானது இபப். ஆகவே கடையின் சொந்தக் கருவியில் நூலை உருவாக்கி அங்கேயே விட்டுவிடாமல், சிகில் போன்ற இலவச மென்பொருளில் இபப்பாகச் செய்து, இபப்செக் என்ற கருவியில் பிழை பார்த்து, உங்களிடம் ஒரு பிரதி வைத்திருங்கள். தமிழ் நூலுக்கு ஒரு வேலை கூடுதல். பழைய நூல்களைப் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தால் முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற வேண்டும். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றனவா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். ‘கொ’ என்பது ‘கெ’ தனியாகவும் கால் தனியாகவும் பிரிந்து கிடந்தால் பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடலில் சிக்காமல் போகலாம். நூலின் தலைப்பிலேயே அப்படி இருந்தால் கடையில் தேடுகிறவருக்கு நூல் கிடைக்காமலே போகலாம்.

நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு வேண்டுமா என்று அமேசான் கேட்கும். திருடுகிறவனுக்கு அது தடை கிடையாது, காசு கொடுத்தவருக்குத்தான் தொல்லை. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, நூல்கள் போய்விட்டன. பூட்டின் சாவி கடையிடம் இருப்பதன் விளைவு அது. நான் பூட்டுப் போடச் சொல்லமாட்டேன்.

அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தைச் சோம்பல்படாமல் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் அமெரிக்க விற்பனை ராயல்டியில் 30 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படலாம். நாடுகளுக்கிடையே வரி ஒப்பந்தம் இருந்தால் அது குறையும்.

யாருக்கு எது

தொடர் நாவல் எழுதுகிறவர், வாசகர் கூட்டம் இன்னும் சேராதவர் செலக்டில் தொடங்கலாம். மேலே சொன்ன நான்கு நாடுகளில் வாசகர் உள்ளவர்கள் வேறு யோசனையே இல்லாமல் தொடங்கலாம். ஆனால் முதல் நாளிலிருந்தே நூலின் கடைசிப் பக்கத்தில் மின்னஞ்சல் பட்டியலில் சேரும் இணைப்பை வைக்க வேண்டும். செலக்ட் அதைத் தடுப்பதில்லை. கடை கொண்டுவந்து விடும் அந்நியரை உங்கள் ஆளாக மாற்ற கிடைக்கும் ஒரே வாய்ப்பு அந்தக் கடைசிப் பக்கம்தான். சில நூறு பேர் சேர்ந்தபின் அடுத்த நூலை முதலில் சொந்தக் கடையில் விற்றுவிட்டு, அங்கிருந்து எடுத்தபின் செலக்டில் போடுகிற ஏற்பாட்டுக்குப் போகலாம்.

துறைசார் நூல், விலை பத்து டாலருக்கு மேல், படம் அதிகம், வாசகர் பல நாடுகளில் சிதறியிருக்கிறார்கள் என்றால் செலக்டைத் தொடவே வேண்டாம். சொந்தக் கடையை முதன்மையாகவும் மற்ற எல்லாக் கடைகளையும் துணையாகவும் வையுங்கள். கோபோ, ஆப்பிள், கூகுள் மூன்றுக்கும் நேரடிக் கணக்கு, மிச்சத்துக்கும் நூலகங்களுக்கும் விநியோகஸ்தர். கவிதை, கட்டுரை எழுதுகிறவர்களுக்கும் ஏறத்தாழ இதேதான், வருமானத்தை மட்டும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

செலக்டைத் தேர்ந்தவர்கள் சேர்ந்த அன்றே ஒரு வேலை செய்துவிடுங்கள். 90 நாள் முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கும் குறி இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு, முடியும் தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தொடர வேண்டுமென்றால் அன்றைக்கு மறுபடி சேர்ந்தால் போயிற்று. வெளியே வருவதென்றால் அந்தத் தேதி கடக்கும்வரை மற்ற கடைகளில் முன்பதிவுப் பக்கத்தைக்கூடத் திறக்கக் கூடாது. கோப்பையும் விவரங்களையும் ஏற்றித் தயாராக வைத்துவிட்டு, வெளியிடும் பொத்தானை மறுநாள் அழுத்தலாம்.